புணையும் பொறுப்பும்

அரசு மேல்நிலைப் பள்ளித் தமிழாசிரியராக நான் நடத்திய பாடல்களுள், கணியன் பூங்குன்றனார் பாடிய புறநானூற்று 192ஆம் பாடல் அளவுக்கு என்னைத் திரும்பத் திரும்பச் சிந்திக்க வைத்தது வேறில்லை. 'யாதும் ஊரே யாவரும் கேளிர்' என்ற முதலடி மேடைதோறும் ஒலிப்பதால், 13 அடிகளும் அந்த ஒரு கருத்தையே சொல்வதாக மாணவர்கள் எண்ணிவிடுகிறார்கள். தனிமனிதன் யார், அவன் வாழ்வின் மதிப்பு எது என்ற விசாரணை அதற்குப் பின்னர்தான் தொடங்குகிறது.

பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: "தீதும் நன்றும் பிறர் தந்து வருவதில்லை என்கிறார், பிறகு ஆற்றுநீர் இழுத்த வழியில் போகும் புணையை, அதாவது தெப்பத்தைப்போல உயிர் போகிறது என்கிறார். புணையின் மேல் பழி போட முடியுமா ஐயா?" ஊழின் வழியே உயிர் செல்லும் என்ற பழைய உரையைச் சொல்லிக் கடந்துவிடலாம், ஆனால் அவள் கேட்டது அதையன்று.

அரையாண்டுத் தேர்வு முடிந்து, மெல்லக் கற்போர் பட்டியலை நாங்கள் தயாரித்துக்கொண்டிருந்த சமயம் அது. பட்டியலில் இருந்த ஒரு மாணவனின் தமிழ் ஏட்டைப் புரட்டினேன். முதல் பாடவேளையில் நடத்திய பாடங்களுக்குரிய பக்கங்கள் மட்டும் வெறுமையாக இருந்தன. மற்றவை திருத்தமான கையெழுத்தில் நிறைந்திருந்தன. விடியலில் தந்தையுடன் சந்தையில் காய்கறி மூட்டை இறக்கிவிட்டு வருபவன் அவன்.

அப்போதுதான் அந்த இரண்டு கூற்றுகளும் முரண்படவில்லை என்று எனக்குப் பட்டது. தனக்கு நேர்வதைப் பற்றிப் பேசும்போது புலவர் பிறர்மேல் பழி சுமத்த மறுக்கிறார். பிறரை எடைபோட வேண்டிய இடத்திலோ, கல்லில் மோதி ஒலிக்கும் பேராற்றை முதலில் நினைத்துப் பார்க்கிறார். அந்தத் தெளிவினால்தான் பெரியோரை வியப்பதும் இல்லை, சிறியோரை இகழ்வது அதனினும் இல்லை என்று அவரால் முடிக்க முடிகிறது. வேந்தர்களின் கொடையையும் வீரத்தையும் போற்றும் பாடல்கள் நிறைந்த தொகைநூலில் இப்படிச் சொல்வதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

அந்த மாணவனுக்குரிய சிறப்பு வகுப்பைக் காலையிலிருந்து மாலைக்கு மாற்றும்படி கேட்டேன்; தலைமையாசிரியர் இசைந்தார். என் விளக்கத்தை மாணவி முழுமையாக ஏற்கவில்லை. ஆற்றைக் கணக்கில் கொள்ளும் சலுகையைப் புலவர் தமக்கும் ஏன் தந்துகொள்ளக்கூடாது என்று மறுநாளும் வாதிட்டாள். அந்த வாதத்திற்காகவே அடுத்த பாடத்தை ஒரு நாள் தள்ளிவைத்தேன்.