போஸ்டரின் அடியில் ஒட்டிய சீட்டு

சர்க்கஸ் பைத்தியம் என்று என்னைச் சொல்வார்கள், நானும் மறுப்பதில்லை. சின்ன வயதில் பிடித்தது இன்னும் விடவில்லை. எங்கே கூடாரம் அடித்தாலும் போய்ப் பார்ப்பேன், பழைய போஸ்டர், போட்டோ, டிக்கெட் துண்டு எது கண்ணில் பட்டாலும் வாங்கி வைப்பேன். ஆனால் என்னைப் போல சேர்க்கிறவர்கள் மீது எனக்கே ஒரு குறை உண்டு. படத்தை வைத்துக்கொண்டு விவரத்தைத் தூக்கிப் போட்டுவிடுகிறோம்.

பழைய அமெரிக்க சர்க்கஸ் போஸ்டர்களை எடுத்துக்கொள்ளுங்கள். புலியும் குதிரையும் பாய்கிற படம் எல்லா ஊருக்கும் ஒன்றுதான். எந்த ஊர், என்றைக்கு ஆட்டம் என்பதைத் தனிச் சீட்டில் அச்சடித்து அடியில் ஒட்டுவார்கள். சட்டம் போட்டு மாட்ட அந்தச் சீட்டு இடைஞ்சல் என்று வெட்டி எறிந்தவர்கள் நிறையப் பேர். மிஞ்சிய சீட்டிலும் கிழமையும் தேதியும்தான் இருக்கும், வருஷம் பெரும்பாலும் இருக்காது. ஜூலை 6 திங்கட்கிழமையாக வந்தது எந்தெந்த வருஷம் என்று காலண்டரில் தேடி, அதில் எந்த வருஷம் அந்தக் கம்பெனி அந்த ஊர்ப் பக்கம் போனது என்று அவர்களுடைய பயணப் பட்டியலோடு பொருத்திப் பார்த்துத்தான் போஸ்டரின் வயதைப் பிடிக்க முடியும். சொன்னால் சிரிப்பீர்கள், ஒரு ராத்திரி முழுக்க இதில் போய்விடும், அப்படி ஒரு சுகம்.

இது வெறும் காகித மோகம் இல்லை. அந்தர ஊஞ்சலிலிருந்து பறந்து காற்றில் அடிக்கிற மும்முறை குட்டிக்கரணம் என்றால் எல்லோரும் ஆல்ஃபிரடோ கொடோனா பெயரைத்தான் சொல்வார்கள், 1920களின் பெரிய நட்சத்திரம், பெயருக்கு ஏற்ற ஆள்தான். ஆனால் லீனா ஜோர்டன் என்ற பெண் 1897லேயே சிட்னியில் ஊஞ்சலிலிருந்து அதைச் செய்துவிட்டாள். யாராவது எழுதி வைத்ததால்தான் இன்று நமக்குத் தெரிகிறது. எழுதப்படாமல் போனவர்கள் எத்தனை பேரோ.

அப்புறம், எழுத்தில் அடங்காத விஷயமும் உண்டு. அந்தரத்தில் பறந்து வருகிறவரைப் பிடிக்கிற ஆளை அடுத்த தடவை கவனியுங்கள் (எல்லாருடைய கண்ணும் பறக்கிறவர் மேல்தான் இருக்கும்). தலைகீழாகத் தொங்கி, கால்களை ஊஞ்சல் கயிற்றில் சுற்றி இறுக்கியிருப்பார். விரலோடு விரல் கோத்துப் பிடிப்பதில்லை, ஒருவர் மணிக்கட்டை மற்றவர் பற்றுவார்கள், ஒரு பிடி நழுவினாலும் இன்னொன்று தாங்கும். எந்தக் கணத்தில் கையை நீட்டுவது என்பதைப் புத்தகம் சொல்லித் தராது, ஒரு உடம்பு பார்த்து இன்னொரு உடம்பு கற்க வேண்டும். தலச்சேரியில் 1901ல் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் சர்க்கஸ் பள்ளி தொடங்கினாரே, இந்திய சர்க்கஸில் பேர் வாங்கிய பலர் அவருடைய மாணவர்கள், இல்லையென்றால் மாணவர்களின் மாணவர்கள். அந்தச் சங்கிலி ஒரு தலைமுறை அறுந்தால் எந்த மியூசியமும் முடிச்சுப் போட முடியாது.

பதிந்து வைப்பதில் கோமாளிகள் கெட்டிக்காரர்கள். ஸ்டான் புல்ட் என்பவர் 1946ல் லண்டனில் முட்டை ஓட்டில் கோமாளிகளின் முக ஒப்பனையை வரைந்து வைக்க ஆரம்பித்தார், ஒருவருக்கு ஒரு முட்டை. ஓடு உடைகிறது என்று பின்னால் பீங்கானுக்கு மாறினார்கள். வேடிக்கையாகத் தெரிந்தாலும் இதைவிட ஒழுங்கான பதிவேடு சர்க்கஸில் குறைவு.

மிருகங்கள் போய்விட்டதே என்று புலம்புகிற ரசிகர்களோடு எனக்கு ஒத்துப் போகாது. அமெரிக்காவின் பெரிய சர்க்கஸ் கம்பெனியான ரிங்லிங் பிரதர்ஸ் 2016ல் யானைகளை நிறுத்தியது, 2017ல் கடையையே மூடியது, 2023ல் மிருகமே இல்லாமல் திரும்ப வந்தது. லண்டனில் 1768ல் ஃபிலிப் ஆஸ்ட்லி குதிரை மேல் நின்றபடி வட்டமடித்துத் தொடங்கிய கலை இது, சரிதான், ஆனால் அவர் நிலைப்படுத்திய 42 அடி விட்டமுள்ள வட்டம் இன்றும் இருக்கிறது, குதிரை இல்லாமலும் நிரம்புகிறது. அதற்காக அங்குசம் தெரிகிற பழைய போட்டோக்களை ஒளித்து வைக்கச் சொல்ல மாட்டேன். அதுவும் நடந்ததுதானே, அப்படியே இருக்கட்டும்.

சர்க்கஸுக்கு என்ன ஆதரவு தரலாம் என்று கேட்டால், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை விட்டுவிட்டு கிழமை நாளில் காலி நாற்காலிகளுக்கு நடுவே டிக்கெட் வாங்கி உட்காருங்கள். ஆட்டம் முடிந்ததும் பெயர் கேளுங்கள், மேடைப் பெயர், சொந்தப் பெயர் இரண்டும், யாரிடம் கற்றார்கள் என்பதும். பரணில் பழைய சர்க்கஸ் போட்டோ கிடந்தால் பின்பக்கம் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள், பேனா வேண்டாம், மை ஊறி முன்பக்கம் வந்துவிடும். இடமிருந்து வலமாக யார் யார் என்று எழுதுங்கள், கூடாரக் கயிறு இழுக்கிறவர் ஓரத்தில் நின்றால் அவரையும் சேர்த்து. போஸ்டர் கிடைத்தால் கத்தரிக்கோலைத் தள்ளி வையுங்கள்.