மறுக்க வேண்டியதை எல்லாக் கணுக்களும் மறுக்கின்றனவா?

எங்கள் குழு பராமரித்த மூன்று கணுக்கள் (தரவைப் பகிர்ந்து வைத்திருக்கும் சேவையகங்கள்) கொண்ட அப்பாச்சி கசாண்ட்ரா என்ற தரவுத்தளத் தொகுப்பில், அறிக்கை தயாரிக்கும் ஒரு ரோலிடமிருந்து (பயனர் கணக்கு) வாடிக்கையாளர் அட்டவணையின் செலக்ட் (படிக்கும்) அனுமதியை ஒரு பிற்பகலில் ரிவோக் கட்டளையால் திரும்பப் பெற்றேன். அனுமதிப் பட்டியலில் அந்த வரி மறைந்திருந்தது. சோதனைத் தொகுப்பிலும் இதே படிகள் முன்பே வெற்றி பெற்றிருந்தன. ஆயினும் அதன் பிறகு ஏறத்தாழ பத்து நிமிடங்கள் அந்த ரோல் அதே அட்டவணையைத் தடையின்றிப் படித்ததைப் பதிவுகளில் கண்டேன்.

காரணம் கேஷ். ஒரு வினவலை எந்தக் கணு பெற்றுக்கொள்கிறதோ அந்தக் கணுவே அனுமதியைச் சரிபார்க்கிறது. ஒவ்வொரு முறையும் அனுமதிகள் சேமிக்கப்பட்டுள்ள சிஸ்டம்_ஆத் என்ற கீஸ்பேஸை (அட்டவணைகளின் தொகுதி) படிக்காமல், முன்பு படித்ததைத் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. அந்தக் கேஷின் இயல்பான ஆயுள் 2000 மில்லிநொடி. ரிவோக் கட்டளை சிஸ்டம்_ஆத்தில் உள்ள பதிவை மாற்றுமே தவிர, கேஷை அழிக்கும்படி மற்றக் கணுக்களுக்குச் செய்தி அனுப்புவதில்லை. புரொடக்‌ஷனில் (உண்மையான பயன்பாட்டில் உள்ள தொகுப்பில்) சுமையைக் குறைப்பதற்காக அந்த ஆயுளை 10 நிமிடமாக உயர்த்தியிருந்தோம். சோதனைத் தொகுப்பிலோ 2 நொடியே இருந்தது. என் ஸ்கிரிப்ட் 5 நொடி காத்திருந்துவிட்டு, எல்லாம் சரி என்று அறிவித்தது.

அன்று முதல், சோதனைத் தொகுப்பின் அனுமதி அமைப்புகளைப் புரொடக்‌ஷன் கோப்பிலிருந்தே எடுக்கிறேன். நிரலைத் தரவுத்தளத்துடன் இணைக்கும் டிரைவர் தன் விருப்பப்படி கணுக்களைத் தேர்ந்தெடுப்பதால், ஒவ்வொரு கணுவின் முகவரியையும் குறிப்பிட்டுத் தனித்தனியே இணைந்து, ஒரே வினவல் மூன்று இடங்களிலும் மறுக்கப்படுகிறதா என்று பார்க்கிறேன். 4.1 பதிப்பிலிருந்து அனுமதிக் கேஷை நோட்டூல் என்ற நிர்வாகக் கருவி மூலம் உடனே அழிக்க முடிகிறது. அதையும் கணுதோறும் இயக்க வேண்டும்.

அனுமதிப் பதிவுகளின் நகல்களையும் சோதிக்க வேண்டும். சிஸ்டம்_ஆத்தின் இயல்பான நகல் எண்ணிக்கை 1 என்பதால், அந்த ஒரு நகலை வைத்திருக்கும் கணு நின்றுவிட்டால் உரிய கடவுச்சொல் உள்ளவரும் உள்ளே நுழைய முடியாது. எண்ணிக்கையை 3 ஆக்கி ரிப்பேர் (நகல்களை ஒத்திசைத்தல்) செய்தோம். பிறகு ஒரு கணுவை நிறுத்தி, அது நின்றிருக்கும்போதே அனுமதியைத் திரும்பப் பெற்று, அதை மீண்டும் எழுப்பி உடனே அதனிடம் கேட்டுப் பார்த்தோம். நாங்கள் அப்போது பயன்படுத்திய 3.11 பதிப்பில் சாதாரண ரோல்களின் அனுமதி லோக்கல்_ஒன் என்ற அளவில், அதாவது ஒரே நகலிலிருந்து படிக்கப்படுவதால், எழுந்த கணு தன்னிடமுள்ள பழைய பதிவையே நம்பிவிடக்கூடும். இந்தச் சோதனையை விட்டுவிட்டு அனுமதிகளைச் சோதித்தோம் என்று சொல்வது சரியல்ல என்பதே என் உறுதியான கருத்து.

சோதனை எழுதுபவர் தம்மை அறியாமலே பொய்யான வெற்றியைப் பெறும் வழிகளும் உண்டு. எல்லா உரிமைகளும் உள்ள சூப்பர்யூசராக இணைந்தால் எந்தத் தடையும் செயல்படாது. அட்டவணையை உருவாக்கும் ரோலுக்கு அதன் மீது எல்லா அனுமதிகளும் தானாகவே கிடைத்துவிடுவதால், உருவாக்கிய ரோலைக் கொண்டே அனுமதியைச் சோதிப்பதில் பொருளில்லை. கீஸ்பேஸ் முழுவதற்கும் வழங்கிய செலக்ட் அனுமதி நீடிக்கும்போது, ஓர் அட்டவணையில் மட்டும் ரிவோக் செய்தாலும் படிப்பது தொடரும். மாடிஃபை என்ற ஒரே அனுமதி சேர்த்தல், திருத்தல், நீக்கல், அட்டவணையையே காலி செய்தல் ஆகிய நான்கையும் சேர்த்தே வழங்குகிறது. ஆகவே பதிவைச் சேர்க்க மட்டும் உரிமையுள்ள ரோல் வேண்டுமென்று கேட்பவரிடம், கசாண்ட்ராவின் அனுமதிகளால் அது இயலாது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு ரோலின் லாகின் உரிமையை நீக்கினால் புதிய இணைப்புகள் மறுக்கப்படுகின்றன, ஆனால் ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பு அதனால் மூடப்படுவதில்லை. எனவே ஒருவர் பணியிலிருந்து விலகும் நாளில் லாகினுடன் அவருடைய எல்லா அனுமதிகளையும் திரும்பப் பெற்று, முன்பே திறந்துவைத்த இணைப்பின் வழியாகவும் மூன்று கணுக்களிலும் வினவிப் பார்த்த பிறகே அந்தப் பணியை முடிந்ததாகக் குறிக்கிறோம்.