காலேஜ் பார்க்கா, செயின்ட் மேரிஸா: மகளின் கல்லூரியை முடிவு செய்த கதை

மேரிலாந்தில் இருக்கும் நம்மவர் வீடுகளில் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டால் பேச்சு காலேஜ் பார்க்கில்தான் போய் நிற்கும். அந்த ஊரில் இருக்கும் யுனிவர்சிட்டி ஆஃப் மேரிலாந்து, அதிலும் கம்ப்யூட்டர் சயின்ஸ். என் மகளுக்கும் அங்கே இடம் கிடைத்தது. கூடவே செயின்ட் மேரிஸ் காலேஜ் ஆஃப் மேரிலாந்திலிருந்தும் கடிதம் வந்தது. மே 1க்குள் ஏதாவது ஒன்றுக்குச் சரி சொல்ல வேண்டும். அந்த நாட்களில் என்னவெல்லாம் பார்த்தோம், என்ன கேட்டோம் என்று எழுதிவைத்தால் இதே குழப்பத்தில் இருப்பவர்களுக்கு உதவும் என்று தோன்றியது.

அமெரிக்காவில் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள் பெரும்பாலும் தனியார் வசம்தான். சிறிய வகுப்புகள், பல துறைகளைத் தொட்டுப் படிப்பது, இளங்கலை மாணவர்களுக்கே முதலிடம் என்ற அதே வழியில் மாநில அரசுகள் நடத்துபவையும் சில உண்டு. நியூயார்க்கில் ஜெனசியோ, மிசௌரியில் ட்ரூமன் ஸ்டேட், பக்கத்து வர்ஜீனியாவில் மேரி வாஷிங்டன் எல்லாம் இந்த வகை. செயின்ட் மேரிஸும் இந்த வகைதான். 1840இல் பெண்கள் பள்ளியாகத் தொடங்கி, 1992இல் மாநிலத்தின் 'பப்ளிக் ஆனர்ஸ் காலேஜ்', அதாவது உயர்தரப் படிப்புக்கான அரசுக் கல்லூரி, என்ற தகுதி பெற்றது. மாணவர்கள் சுமார் 1,600 பேர்தான். மகள் படித்த உயர்நிலைப் பள்ளியிலேயே இதைவிட அதிகம். காலேஜ் பார்க்கில் இளங்கலையில் மட்டும் ஏறக்குறைய 30,000 பேர்.

அவளுக்கு உயிரியல் பிடிக்கும். ஊருக்குப் போனபோது தாத்தாவோடு கீழடி அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து தொல்லியல் ஆசையும் சேர்ந்துகொண்டது. செயின்ட் மேரிஸ் இருக்கும் இடம் 1634இல் அமைந்த மேரிலாந்தின் முதல் தலைநகர். வளாகத்தை ஒட்டியே அகழாய்வு நடக்கிறது. அப்போது குடியேறிய ஆங்கிலேயர்கள் கட்டிய முதல் கோட்டை இருந்த இடம் கிடைத்துவிட்டதாக 2021இல் அறிவித்தார்கள். கல்லூரியின் விளையாட்டரங்கம் கட்டுவதற்கு முன் தோண்டிப் பார்த்த நிலத்தில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்கள் வாழ்ந்த தடயங்கள் கிடைத்தன. அவர்களுக்கு 2020இல் அங்கே நினைவிடம் திறந்தார்கள். சிறிய குடில் வடிவம். மரப்பலகைகளோடு கண்ணாடி மாதிரி மெருகேற்றிய எஃகுத் தகடுகள், அவற்றில் கவிதை வரிகள். தப்பி ஓடியவர்களைப் பிடித்துத் தரச் சொல்லி அந்தக் காலத்தில் வந்த விளம்பரங்களிலிருந்து எடுத்த சொற்கள் அவை. படிக்கக் கிட்டே போனால் நம் முகமும் தகட்டில் தெரிகிறது. மகள் அங்கிருந்து நகர மனமில்லாமல் நின்றாள்.

ஆனால் இடம் பிடித்துப்போவது வேறு, நான்கு வருடம் படிப்பது வேறு. அட்மிஷன்ஸ் அலுவலகத்தில் கேட்டு, நடக்கிற வகுப்பு ஒன்றில் மகளை உட்கார வைத்தோம். வளாகத்தைச் சுற்றிக் காட்டுவதைவிட இது பத்து மடங்கு பயன். வகுப்பில் இருபது பேர்கூட இல்லையாம். பேராசிரியர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கேட்கிறார், படிக்காமல் வந்தவர் யார் என்று உடனே தெரிந்துவிடுகிறது. "இங்கே பின் பெஞ்சே கிடையாதும்மா" என்றாள் வெளியே வந்ததும். அதைச் சந்தோஷமாகச் சொன்னாளா, பயந்து சொன்னாளா என்பதைத்தான் நான் கவனித்தேன். பள்ளியில் வகுப்பு முடிந்ததும் ஆசிரியரிடம் போய்ப் பேசும் பிள்ளை அவள், அதனால் அவளுக்கு அது பிடித்திருந்தது. கூட்டத்தோடு கூட்டமாக இருந்து தன்பாட்டில் படிக்கும் பிள்ளைக்கு இதே வகுப்பு தினமும் பாரமாக இருக்கும். எந்த ரேங்க் பட்டியலும் இதைச் சொல்லாது.

அடுத்ததாக, நான் மிகவும் வலியுறுத்திச் சொல்ல விரும்புவது பாட அட்டவணை. சிறிய கல்லூரியின் கேட்டலாகில் பாடங்கள் வரிசையாக இருக்கும், ஆனால் எல்லாமே எல்லா வருடமும் நடக்காது. ஒரு துறையில் நாலைந்து பேராசிரியர்கள் இருந்து அதில் ஒருவர் ஆய்வு விடுப்பில் போனால், அவர் எடுக்கும் பாடம் அந்த வருடம் இருக்காது. அதனால் கடந்த சில செமஸ்டர்களில் உண்மையில் நடந்த வகுப்புகளின் அட்டவணையைத் தேடி எடுத்தோம். உயிரியலுக்கும், தொல்லியலை உள்ளடக்கிய மானுடவியலுக்கும் வேண்டிய பாடங்களை ஒரு தாளில் செமஸ்டர் வாரியாக எழுதிப் பார்த்தோம். லேப் நேரம் சில இடங்களில் மோதியது, ஆனாலும் நான்கு வருடத்துக்குள் முடிக்க வழி இருந்தது. கடைசி வருட மாணவி ஒருத்தியிடம் அவளுடைய 'செயின்ட் மேரிஸ் ப்ராஜெக்ட்' பற்றிக் கேட்டோம். ஒரு பேராசிரியரின் வழிகாட்டுதலில் வருடம் முழுக்கச் செய்யும் ஆய்வு அது. முனைவர் பட்ட மாணவர்கள் இல்லாத கல்லூரி என்பதால் பேராசிரியரின் நேரம் இளங்கலைப் பிள்ளைகளுக்கே கிடைக்கிறது.

பணம். அரசுக் கல்லூரி என்பதால் எல்லாம் ஒரே விலை என்று நினைக்க வேண்டாம். மாநிலத்துக்குள் இருப்பவருக்குச் செயின்ட் மேரிஸ் கட்டணம் காலேஜ் பார்க்கைவிட அதிகம். உதவித்தொகைக் கடிதத்தில் போட்டிருக்கும் மொத்தத்தையும் அப்படியே நம்பக் கூடாது. முதல் வருட மாணவருக்கு 5,500 டாலர் வரை கிடைக்கும் மத்திய அரசுக் கடனையும் அதே பட்டியலில்தான் சேர்த்திருப்பார்கள், வேலை செய்தால் கிடைக்கும் வொர்க்-ஸ்டடி தொகையும் அங்கேயே இருக்கும். இரண்டையும் அடித்துவிட்டு, திருப்பித் தர வேண்டாத தொகையை மட்டும் கழித்துக் கணக்குப் போட்டோம். மெரிட் உதவியால் வித்தியாசம் எங்களால் தாங்கக்கூடிய அளவுக்கு வந்தது.

என் கணவர் எழுப்பிய கேள்வி வேறு. இந்த மாதிரிக் கல்லூரிகள் நிலையாக இருக்குமா? கேட்க வேண்டிய கேள்விதான். ஃப்ளோரிடாவின் நியூ காலேஜில் 2023இல் ஆளுநர் புதிய அறங்காவலர்களை நியமித்த பிறகு ஆசிரியர்கள் பெரும் எண்ணிக்கையில் வெளியேறினார்கள். வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் ஆஷ்வில் கல்லூரியில் 2024இல் தத்துவம், நாடகம் உட்படச் சில துறைகளை மூட முடிவெடுத்தார்கள். மாநில அரசின் பணத்தையும் சேர்க்கை எண்ணிக்கையையும் நம்பி நடக்கும் சிறிய கல்லூரியில் இந்த ஆபத்து உண்டு. செயின்ட் மேரிஸிலும் 2013இல் சேர்க்கை குறைந்து நெருக்கடி வந்தது. அதனால் கல்லூரிகள் ஒரே மாதிரிப் படிவத்தில் வெளியிடும் புள்ளிவிவரமான காமன் டேட்டா செட்டில் சில வருடங்களின் சேர்க்கையையும், முதல் வருடம் முடித்துத் திரும்பி வருபவர்களின் விகிதத்தையும் வரிசையாகப் பார்த்தோம். மகள் படிக்க விரும்பும் துறையில் எத்தனை நிரந்தர ஆசிரியர்கள் என்றும் எண்ணிப் பார்த்தோம். அதற்கப்புறம்தான் அவர் சமாதானமானார்.

மகள் செயின்ட் மேரிஸையே எடுத்தாள். எங்கள் நண்பரின் மகனுக்கு மெக்கானிக்கல் இன்ஜினியரிங்தான் வேண்டும், அந்தத் துறை இங்கே இல்லை, அவன் காலேஜ் பார்க் போனான். அவனுக்கு அதுதான் சரி. உங்கள் வீட்டிலும் இப்படிக் கடிதம் வந்திருந்தால், வகுப்பில் உட்கார மார்ச்சிலேயே நாள் கேட்டு வாங்கிவிடுங்கள். ஏப்ரல் கடைசியில் செமஸ்டர் முடியும் அவசரத்தில் வழக்கமான வகுப்பைப் பார்க்க முடியாது.