அப்பாவுக்கு மின்னஞ்சல் திறந்த கதை: கடைக்காரர் நம்பரில் மட்டும் திறக்காதீர்கள்

அப்பாவுக்கு 64 வயது. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் (ரப்பர்) வெட்டினார், அப்புறம் செம்பனைக்கு மாறினார், இப்போது ஓய்வில் இருக்கிறார். போன ஆண்டு ஓர் உதவித்தொகைக்கு மனு போட அம்மாவோடு ஈப்போவுக்குப் பஸ் ஏறினார். நான் வேலையில் இருந்தேன். கவுண்டரில் இருந்தவர் பாரத்தைப் பார்த்துவிட்டு, "எமெல் அடா?" (மின்னஞ்சல் இருக்கிறதா?) என்று மலாயில் கேட்டிருக்கிறார். இல்லை என்றதும், வெளியே கடையில் போட்டுக்கொண்டு வரச்சொல்லி பாரத்தைத் திருப்பித் தள்ளிவிட்டார்.

கடையில் 10 வெள்ளி. பத்து நிமிடத்தில் ஒரு துண்டுச்சீட்டில் முகவரியும் கடவுச்சொல்லும் எழுதிக் கொடுத்தார்கள். மனுவும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அன்றைக்கு எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றுதான் நினைத்தோம்.

மூன்று மாதமாகியும் பதில் இல்லை. மின்னஞ்சலில் ஏதாவது வந்திருக்குமோ என்று என் போனில் திறந்து பார்த்தேன். கடவுச்சொல் சரி. ஆனால் புதுப் போன் என்பதால், நீங்கள்தானா என்று உறுதிசெய்ய ஒரு நம்பருக்குக் குறியீடு அனுப்புவதாக கூகுள் சொன்னது. அந்த நம்பரின் கடைசி இரண்டு எண்களைத்தான் காட்டும். அது அப்பாவுடைய நம்பரும் இல்லை, எங்கள் வீட்டில் யாருடையதும் இல்லை.

கடைக்குப் போய்க் கேட்டால், அதைத் திறந்து கொடுத்த பையன் தன் சொந்த நம்பரைப் போட்டிருக்கிறான், இப்போது வேலையை விட்டுப் போய்விட்டான் என்கிறார்கள். கூகுளில் போன் பண்ணி முறையிட ஆளில்லை. மீட்புப் பக்கத்தில் நான்கு தடவை முயன்றேன். கணக்கு உங்களுடையது என்று உறுதிசெய்ய முடியவில்லை என்ற ஒரே பதில்தான். உள்ளே என்ன கடிதம் கிடக்கிறது என்றே தெரியாமல் அந்த முகவரியைக் கைவிட்டோம். எனக்கு இன்னும் ஆறவில்லை. யாருடைய நம்பரைப் போடுகிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே!

இந்த முறை வீட்டிலேயே உட்கார்ந்தோம். அப்பாவுக்கு முதல் குழப்பமே @ குறிதான். அவருடைய அடையாள அட்டையில் இரண்டு பெயருக்கு நடுவில் அதே குறி இருக்கிறது. அங்கே அதற்கு 'அலியாஸ்' என்று பொருள். அதனால் மின்னஞ்சலிலும் அதற்குப் பின்னால் தன் இன்னொரு பெயர் வரவேண்டும் என்று நினைத்திருக்கிறார். நான் தோட்டத்துக் கணக்கில் சொன்னேன்: "அப்பா, அந்தக் காலத்தில் கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்கு வரும், ஆபீஸ் கிளார்க், அந்தக் கிராணி, பேர் சொல்லிக் கூப்பிடுவார் இல்லையா? குறிக்கு வலப்பக்கம் இருப்பது ஆபீஸ். இடப்பக்கம் இருப்பது ஆள்." உடனே அவரே கேட்டார்: "ஒரே பேரில் ரெண்டு ஆள் இருந்தா?" அதுதான் விஷயம். ஜிமெயிலில் ஒரு முகவரி ஒருவருக்குத்தான். அப்பா பேர் ஏற்கெனவே போய்விட்டது.

நடுவில், அடையாள அட்டையில் 'இன்னார் மகன்' என்று குறிக்கும் 'ஏ/எல்' சேர்த்துப் பார்த்தோம். சாய்கோடு ஆகாது என்றது. ஜிமெயில் முகவரியில் ஆங்கில எழுத்து, எண், புள்ளி மட்டும்தான் போடலாம், அடிக்கோடும் கிடையாது. பிறந்த ஆண்டைச் சேர்க்க எனக்கு மனமில்லை, அடையாள அட்டை எண் அதில்தானே தொடங்குகிறது. கடைசியில் அப்பா, தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில் இருந்த தன் பழைய செக்ரோல் எண்ணைச் சொன்னார். கிடைத்துவிட்டது! முப்பது வருடம் மஸ்டருக்கு (காலையில் ஆள் கணக்கெடுப்புக்கு) நின்றவருக்கு அது மறக்குமா?

பிறந்த நாள், கடவுச்சொல் எல்லாம் சீக்கிரம் முடிந்தது. பக்கத்தைத் தமிழுக்கு மாற்றிக் கொடுத்தேன். அப்பா தானே வாசித்தார். ஆனால் குறியீடு வரவில்லை. எங்கள் லயத்தில் (தோட்ட வீட்டு வரிசையில்) போன் லைன் அப்படி. பொறுமையில்லாமல் 'மீண்டும் அனுப்பு' என்பதை மூன்று முறை அமுக்கிவிட்டேன். கோயில் மேட்டுக்கு நடந்து போனதும் மூன்றும் ஒன்றாக வந்து விழுந்தன. கடைசியாக வந்ததுதான் செல்லுபடியானது. ஆகவே லைன் இருக்கும் இடத்தில் உட்கார்ந்தே தொடங்குங்கள். யார் போனில் கேட்டாலும் அந்தக் குறியீட்டைச் சொல்லாதீர்கள்.

மீட்பு நம்பர் அப்பாவுடையது, மீட்பு மின்னஞ்சல் என்னுடையது. இந்த இரண்டையும் அன்றைக்கே போட்டுவிட வேண்டும். ப்ரீபெய்ட் நம்பர் என்றால் டாப் அப் போடாமல் காலாவதியாக விடாதீர்கள். நம்பர் போனால் கணக்கைத் திரும்பப் பிடிப்பது பெரும்பாடு. இரண்டு ஆண்டு தொடாமல் கிடக்கும் கணக்கை கூகுள் நீக்கிவிடலாம். அதனால் மாதம் ஒருமுறை திறந்து பார்க்கும்படி அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். முகவரியை ஒரு சீட்டில் எழுதி அடையாள அட்டையோடு வைத்திருக்கிறார். கடவுச்சொல் அம்மாவின் பெட்டியில்.

மறுபடியும் ஈப்போ. இந்த முறை நானும் லீவு போட்டுப் போனேன். பழைய முகவரியை மாற்ற வேண்டும் என்றதும் கவுண்டரில் இருந்த பெண் கேட்டுக் கேட்டுத் தட்டினார். திரையை எங்கள் பக்கம் திருப்பச் சொன்னார் அப்பா. 'ஜிமெயில் டாட் காம்' என்பதற்குப் பின்னால் 'டாட் மை' என்று இருந்தது. "அந்த ஆபீஸ் வேற, நம்ம ஆபீஸ் காமோட முடியுது" என்று என்னிடம் தமிழில் சொன்னார். நான் மலாயில் சொல்ல, அந்தப் பெண் அழித்துத் திருத்தினார். பஸ் நிலையத்துக்கு வந்து சேர்வதற்குள் அப்பாவின் போன் 'டிங்' என்றது.