எலியைத் தின்றதால் தள்ளிப்போன ஆபரேஷன்

எங்கள் மாட்டுக் கொட்டகையில் நான்கு பூனைகள். யாரும் கொண்டுவந்து வளர்க்கவில்லை. எலிக்காக வந்து பாலுக்காகத் தங்கிவிட்டவை. அதில் மூத்தவள் வரிச்சி, போன வருடம் மட்டும் மூன்று ஈத்து போட்டாள். வைக்கோல் போருக்குள் குட்டிகளின் கத்தல் கேட்கும், பத்து நாளில் பாதி இருக்காது. நாய் தூக்கியது, ரோட்டில் அடிபட்டது எல்லாம் போக மிஞ்சியவைதான் கறுப்பியும் மஞ்சளியும். நான்காவது, எங்கிருந்தோ வந்து சேர்ந்த ஒரு கடுவன்.

இதுகளுக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்துவிடலாம் என்று டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில் விசாரித்தேன். பெட்டைக்கு 6,000, கடுவனுக்கு 4,000 என்றார்கள். நான்குக்கும் 22,000. இதை வீட்டில் சொன்னால் முதலில் என்னைத்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார்கள்.

பால் சொசைட்டியில் ஒருவர்தான் வழி சொன்னார்: "காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்களேன்." வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி என்று அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அதில் ஒன்றுக்கு மாட்டை ஓட்டிக்கொண்டு எத்தனையோ முறை போயிருக்கிறேன். பூனைக்கும் அங்கே கருத்தடை செய்வார்கள் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

ஆடு, மாடுகளோடு வரிசையில் நின்று ஓ.பி. சீட்டு வாங்கினேன். "குட்டி இன்னும் பால் குடிக்குதா?" என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார். வரிச்சியிடம் இரண்டு மாதக் குட்டி ஒன்று இருந்தது, அதையும் பக்கத்துத் தெருவில் கேட்டிருந்தார்கள் என்றேன். "அப்ப தள்ளிப்போடாதீங்க, பால் கொடுக்கும்போதே மறுபடி சினை பிடிச்சிரும்" என்றார். பூனைக்குச் சினைக்காலமே ஒன்பது வாரம்தானாம். மூன்று ஈத்தின் கணக்கு அப்போதுதான் விளங்கியது.

வீட்டில் அப்பாயிக்குச் சம்மதமில்லை. "ஏன்டா தம்பி, வாயில்லா ஜீவன்கிட்ட போய் இந்தப் பாவமா? அதுவுமில்லாம, ஆபரேஷன் பண்ணுனா எலி பிடிக்காதுடா."

முந்தின ராத்திரியிலிருந்து வெறும் வயிறாக இருக்க வேண்டும், மயக்கத்தில் வாந்தி எடுத்தால் மூச்சுக்குழாயில் போய்விடும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நெத்திலிக் கருவாட்டைக் காட்டி வரிச்சியைப் பிடித்துத் தவிட்டு அறையில் பூட்டினேன். காலையில் கதவைத் திறந்தால் தரையில் ஒரு எலி வாலும் கொஞ்சம் குடலும். மீதி வரிச்சியின் வயிற்றில். டாக்டர் சிரித்துக்கொண்டே வேறு தேதி எழுதிக் கொடுத்தார். அடுத்த முறை குளியலறையில் பூட்டினேன்.

கூண்டுக்கெல்லாம் செலவு செய்யவில்லை. இரண்டு தக்காளி டிரேக்களை வாய்க்கு வாய் கவிழ்த்து, நைலான் கயிற்றால் நான்கு பக்கமும் கட்டினால் போதும். கையை மட்டும் ஓட்டைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். என் கட்டைவிரலில் தழும்பு இருக்கிறது.

ஆபரேஷன் முடிந்து வெளியே கொடுத்தபோது வரிச்சியின் கண் திறந்தபடியே நிலைகுத்தி இருந்தது. போய்விட்டது என்றே நினைத்தேன். அந்த மயக்க மருந்துக்குக் கண் மூடாதாம். காய்ந்துபோகாமல் இருக்கக் களிம்பு போட்டிருந்தார்கள். உடம்பு சில்லிட்டுக் கிடந்ததால் பழைய வேட்டியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். விலாவில் உள்ளங்கை அகலத்துக்கு முடி மழித்திருந்தது. இடது காது நுனியைக் கொஞ்சம் வெட்டியிருந்தார்கள். யாராவது பிடித்து மறுபடி ஆபரேஷனுக்குக் கொண்டுபோய்விடாமல் இருக்க அது அடையாளம்.

வலிக்குப் பாராசிட்டமால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது விஷம். மெடிக்கலில் குழந்தைகளுக்கான சொட்டு மருந்தை எடுத்து நீட்டினார்கள், நல்லவேளையாக டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். தையலை நக்காமல் இருக்கப் பழைய பனியனில் நான்கு ஓட்டை போட்டு மாட்டிவிட்டேன். பத்தாம் நாள் தையல் பிரித்தார்கள்.

கறுப்பிக்கும் இதே கதைதான். கடுவனுக்குத் தையலே இல்லை, சாயங்காலமே சோறு கேட்டான். ஆனால் அவனை நம்பிச் சில வாரங்களுக்குப் பெட்டைகளோடு விடக்கூடாதாம், உள்ளே விந்து மிச்சம் இருக்குமாம். மூன்றுக்கும் மருந்து, ஆட்டோ எல்லாம் சேர்த்துத் தனியாரில் ஒரு பெட்டைக்குக் கேட்டதுகூட ஆகவில்லை.

மஞ்சளிதான் பாக்கி. தக்காளி டிரேயைப் பார்த்தாலே கூரைமேல் ஏறிவிடுகிறாள். இப்போதெல்லாம் அப்பாயி கையால் போட்டால் மட்டும்தான் சாப்பிடுகிறாள். பிடித்துக் கொடுங்கள் என்றால் அப்பாயி காது கேட்காத மாதிரி இருக்கிறார்.