ஏற்காட்டில் எடுத்த காப்பி

மச்சினன் குழந்தையின் காதுகுத்துப் படங்களோடு ஒரு மெமரி கார்டு செத்துப்போனதிலிருந்து வீட்டில் என் கேமராவுக்கு மரியாதை இல்லை. அதனால் போன ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டுக்குக் கிளம்பும்போது ஒரு முடிவோடு போனேன். எடுக்கிற படத்தையெல்லாம் அங்கேயே டேப்லெட்டிலும் ஏற்றிவிடுவது.

டேப்லெட் என் பெண்ணுடையது. 32 ஜிபியில் 3 ஜிபிதான் காலி. கேமரா பதிவதைச் சுருக்காமல் அப்படியே வைக்கும் ரா ஃபைலில் எடுத்தால் என் கேமராவில் ஒரு படம் ஏறக்குறைய 25 எம்பி வரும். 300 படம் என்றாலே ஏழரை ஜிபி (சனியன் அப்போதே ஜாடை காட்டியிருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை). அவள் தூங்கும்போது சில முயல் கார்ட்டூன்களை அழித்துவிட்டு, மச்சினனையும் பின்னால் ஏற்றிக்கொண்டு வண்டியை விட்டேன்.

20 கொண்டை ஊசி வளைவும் ஏறி பகோடா பாயிண்ட் போனபோது ஒரே மூடுபனி. பெயரைக் கேட்டு பக்கோடாவை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு: அது அங்கே பகோடா கோபுரம் மாதிரி அடுக்கி வைத்திருக்கிற கல் குவியல்களால் வந்த பெயர். கிடைப்பது மிளகாய் பஜ்ஜி. பஜ்ஜி போடும் அம்மாவை ஒரு படம், மரத்தில் செம்மீசைச் சின்னான் என்ற பறவையை நாற்பது படம் என்று எடுத்துத் தள்ளிவிட்டு, கடை பெஞ்சில் உட்கார்ந்து கார்டு ரீடரை, டேப்லெட்டோடு இணைக்கிற ஓடிஜி கேபிளில் சொருகினேன்.

எங்கள் டேப்லெட், திரை அணைந்தால் வேலையையும் நிறுத்திவிடும் ரகம். பிள்ளையைத் தூங்கவைக்கத் தட்டிக்கொடுப்பார்கள்; நான் அது தூங்கிவிடாமல் இருக்கத் தட்டிக்கொண்டே இருந்தேன்.

"மாமா, காப்பி ஆயிடுச்சா?" என்று தூரத்திலிருந்து மச்சினன் கத்தினான்.

"காப்பி இல்ல சாமி, டீ மட்டுந்தான்," என்றார் பஜ்ஜிக்கடை அம்மா. சுற்றிலும் காப்பித் தோட்டம்!

விஷயத்தைச் சொன்னதும் அவருக்குத் தன் படத்தைப் பார்க்க ஆசை. கேமராவின் மூன்று அங்குலத் திரையில் பிரமாதமாக இருந்த படம்தான். டேப்லெட்டில் அதை எடுத்துக் காட்டினேன். எண்ணெய்க் கையாலேயே இரண்டு விரல் வைத்து விரித்துப் பார்த்தார்.

"ஏங் கண்ணு, பஜ்ஜி பளிச்சுனு இருக்குது. என்ற மூஞ்சியக் காணமே?"

உண்மைதான். ஃபோகஸ் முழுக்க பஜ்ஜியில். சின்னான் படங்களையும் தள்ளிப் பார்த்தேன். இலையின் நரம்பு வரைக்கும் தெரிந்தது. பறவை மட்டும் பனியோடு பனியாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து மரத்திலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் திரையில் விழுந்தது. இந்தத் தொடுதிரைக்குத் தண்ணீரும் ஒன்றுதான், விரலும் ஒன்றுதான் போல. படங்கள் தானாக டிக் ஆகிக்கொண்டே போயின. 'அழிக்கவா?' என்று கேட்டது. பதறிப்போய் சட்டை நுனியால் துடைத்தேன். துடைத்த துடைப்பில் 'சரி' அழுந்திவிட்டது.

அழிந்தது டேப்லெட்டில் ஏறிய நகலா, கார்டில் இருக்கிற அசலா? இரண்டு ஃபோல்டரும் பார்க்க ஒரே மாதிரி இருந்து தொலைத்தன. கேபிளைப் பிடுங்கி, கார்டைக் கேமராவில் போட்டுப் பார்க்கும்வரை எனக்கு மூச்சே வரவில்லை. எல்லாம் இருந்தது. மூஞ்சியில்லாத சின்னான் நாற்பதும்.

மறுபடி முதலிலிருந்து காப்பி, மறுபடி தட்டல். பாதியில் மச்சினன் வந்து பார்த்துவிட்டு, "எதுக்கு மாமா தட்டிட்டே இருக்கீங்க? செட்டிங்ஸ்ல போய் அரை மணி நேரம்னு வெச்சா அணையாதே," என்றான். அதற்குள் சார்ஜ் 9 சதவீதம். பஜ்ஜிக்கடை அம்மா வேறு தலையை வாரிப் பொட்டு வைத்துக்கொண்டு, இன்னொரு படத்துக்குத் தயாராக நின்றார். அந்தப் படம் நன்றாகவே வந்தது.

இரவு வீட்டுக்கு வந்து, 300 படமும் இரண்டு இடத்தில் பத்திரம் என்று மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். பெண் டேப்லெட்டைத் திறந்து மேலும் கீழும் தள்ளித் தேடினாள்.

"அப்பா, என் முயலெல்லாம் எங்க?"

அழித்துவிட்டதைச் சொன்னேன்.

"அதுக்குக் காப்பி எடுத்து வெச்சியா?"