தண்ணி எந்தப் படியில நிக்கும்?

கட்டடக்கலைப் படிப்பில் நாலாம் வருட டிசைன் புரொஜெக்டுக்குத் தலைப்பு ‘நீர்க்கரையில் ஒரு பொதுக் கட்டடம்’. கூடப் படித்தவர்களில் பாதிப்பேர் கொழும்புப் பக்கத்துப் பேரே வாவியையும் பொல்கொடை வாவியையும் எடுத்தார்கள். கொரோனாவால் வகுப்பெல்லாம் ஒன்லைனில் நடந்த 2021 அது. நான் மட்டக்களப்பில், செட்டிபாளையத்தில் வீட்டில் இருந்தேன், சைக்கிள் மிதித்தால் போகக்கூடிய இடமாகப் பார்த்துப் பாதை ஓடுகிற குருமண்வெளித் துறையை எடுத்தேன். சொல்லப்போனால் காரணம் அவ்வளவுதான். பிறகு எழுதிய அறிக்கையில் ‘படுவான்கரையையும் எழுவான்கரையையும் இணைக்கும் பண்பாட்டு வெளி’ என்று, மேற்குக் கரையையும் கிழக்குக் கரையையும் வைத்து, என்னென்னவோ எழுதினேன். அது புள்ளி போடுகிற ஜூரிக்கு.

பாதை என்றால் வெளியூர் ஆட்களுக்கு ரோடு. எங்களுக்கு அது ஆற்றில் மிதந்து போகிற தட்டு. ஆறு என்று நாங்கள் சொல்வது மட்டக்களப்பு வாவியை. ஆட்கள், மோட்டார் சைக்கிள், நெல் மூட்டை எல்லாம் அதில் ஏறி அக்கரையில் மண்டூரில் இறங்கும். மண்முனையில் 2014இல் பாலம் வந்தபிறகு அங்கே பாதையின் தேவை போய்விட்டது. மண்டூருக்குப் போக இன்னும் பாதைதான், இல்லாவிட்டால் பட்டிருப்புப் பாலத்தால் ஏறி வெள்ளாவெளியைச் சுற்ற வேண்டும். மாரியில் அந்த ரோட்டுக்கு மேலாலும் தண்ணி பாயும்.

ஊரடங்கு எடுத்து ஒக்டோபர் முதல் கிழமையே அளக்கப் போனேன். லெவல் மெஷின் கிடைக்கவில்லை. மேசன் வேலை செய்கிற சித்தப்பா தன்னுடைய தண்ணி டியூப்போடு வந்தார். கண்ணாடிபோல் தெரிகிற அந்தக் குழாயின் ஒரு முனையை அவர் பிடிக்க, மற்ற முனையை நான் பிடித்துக்கொண்டு சேற்றுக்குள் நின்றேன். இரண்டு நாளில் முழு நிலத்தின் மட்டமும் கையில். வடிவான கரை, அமைதியான தண்ணி, மேற்கே அஸ்தமனம். அந்த அஸ்தமனத்தில்தான் நான் விழுந்தேன். தண்ணிக்குள் காலூன்றி நிற்கிற ஒரு நீண்ட மண்டபம், மேற்குப் பக்கம் முழுவதும் திறந்தபடி, நடுவில் தேநீர்க் கடை. கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா பேரே வாவித் தண்ணிக்கு மேல் கட்டிய சீமா மாலக்கவைப் பார்த்து வளர்ந்த எல்லா மாணவர்களும் ஒரு தடவையாவது வரைகிற கட்டடம் அது. வரைந்ததைக் காட்டிக் கருத்துக் கேட்கிற முதல் க்ரிட்டில் சேர் “நைஸ்” என்று சொன்னார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் ஓட்டினேன்.

மார்கழியில் மழை விட்ட ஒரு நாள் படம் எடுக்கத் திரும்பப் போனேன். என்னுடைய தேநீர்க் கடை வரவேண்டிய உயரத்தில் தண்ணி நின்றது. நாங்கள் அளந்த கரையே இல்லை. பாதை வேறு இடத்தில் வந்து முட்டியது. சேலையைக் கொய்துபிடித்துக்கொண்டு, செருப்பை மற்றக் கையில் தூக்கிக்கொண்டு ஒரு ரீச்சர் பலகையில் இருந்து இறங்கினா. கணுக்கால் வரை தண்ணி. அவவுக்கு அது ஒரு விஷயமே இல்லை, கதைத்துக்கொண்டே நடந்தா. நான்தான் போனைப் பிடித்தபடி அப்படியே நின்றேன்.

பாதைக்கார மாமா சிரித்தார். “நீ கோடையில வந்து ஆத்த அளந்திருக்காய் புள்ள.”

அவரிடம் கடைசியாக எவ்வளவு உயரத்துக்குத் தண்ணி வரும் என்று கேட்டேன். செக்ஷனில், அதாவது குறுக்குவெட்டு வரைபடத்தில், போட எனக்கு ஒரு எண் வேண்டும். அவர் துறைக்குப் பக்கத்தில் நின்ற மரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு வெட்டைக் காட்டினார். 2011 தை வெள்ளத்தில் கத்தியால் போட்டது, இப்போது பட்டை மூடித் தழும்பாகியிருந்தது. என் இடுப்புக்கு மேலே. மரம் வளர்ந்திருக்குமே, வெட்டும் மேலே போயிருக்காதா என்று எனக்குச் சந்தேகம். இல்லை. மரம் உயர்வது நுனியால்தான், அடிமரத்தில் போட்ட தழும்பு போட்ட உயரத்திலேயே நிற்கும். அந்த வெட்டுதான் எனக்குக் கிடைத்த மிகச்சரியான அளவு.

“அப்ப இந்த அளவுக்குத்தானே வரும்?”

“அத எப்பிடிச் சொல்ற? ஆத்துவாய் எப்ப வெட்டுறாங்க எண்டதப் பொறுத்துத்தானே.”

இதைத்தான் எனக்கு எந்த வகுப்பும் சொல்லித்தரவில்லை. மட்டக்களப்பு வாவி 56 கிலோமீற்றர் நீளம். கடலோடு சேருவது இரண்டே இடத்தில்தான், வடக்கே முகத்துவாரம், தெற்கே கல்லாறு. கோடையில் மணல் அந்த வாயை அடைத்துவிடும். மாரியில் வெள்ளம் ஏறி வயலையும் வீட்டையும் தொடத் தொடங்கினால் மணலை வெட்டித் திறப்பார்கள். வயல்காரருக்கு நேரத்தோடு வெட்டவேணும், மீன்பிடிக்கிற ஆட்களுக்கு வேறு கணக்கு. ஆக, துறையில் தண்ணி எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பது மழையும் மணலும் மனிதர்களும் சேர்ந்து எடுக்கிற முடிவு. நான் ஒரு எண்ணைத் தேடிக்கொண்டிருந்தேன். அங்கே அப்படி ஒரு எண்ணே இல்லை.

மண்டபத்தை இன்னும் உயர்த்தலாமா என்று யோசித்தேன். உயர்த்தினால் கோடையில் பாதையில் இருந்து இறங்குகிற ஆள் ஏணி வைத்துத்தான் ஏறவேண்டும். மாமாவுக்கு வேறொரு கவலை. “காலூண்டினா ஆத்துவாழை வந்து பிடிக்கும், புள்ள.” வெள்ளத்தோடு மிதந்து வருகிற ஆற்றுவாழைச் செடி தூண்களில் பாய்போல் சேர்ந்து நிற்கும். அதற்குப் பின்னால் தண்ணி தள்ளும். பாலங்களுக்கு அடியில் அது அடைத்து நிற்பதை வருடா வருடம் பார்த்தவள் நான். ஆனாலும் என் வரைபடத்தில் தூண்களுக்கு இடையே வெறும் நீல நிறம்தான் இருந்தது.

மேற்குத் திறப்பும் அத்தோடு போனது. வைகாசியில் இருந்து கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கத் தொடங்கினால் பின்நேரத்தில் அந்தப் பக்கம் முகம் கொடுக்க முடியாது. வெயிலும் காற்றும் சேர்ந்து உரிக்கும். நான் அளந்தது கச்சான் ஓய்ந்த பிறகு. அம்மா ஒரே வசனத்தில் முடித்தா, “எங்கட வீட்டில மேற்கால ஏன் ஜன்னல் இல்ல எண்டு உனக்குத் தெரியாதா?” தெரியும். படிக்கப் போனதில் மறந்திருந்தேன்.

மாசியில் புதிதாகத் தொடங்கினேன். இந்தத் தடவை கட்டடமே இல்லை, படிதான். பதினைந்து சென்றிமீற்றர் உயரத்தில் பதினான்கு படி, கோடைத் தண்ணியில் இருந்து மரத்து வெட்டுக்கும் மேலே வரை. எந்தக் காலத்தில் தண்ணி எங்கே நின்றாலும் அந்தப் படியே அன்றைய துறை. பாதை அதில் வந்து முட்டும். மோட்டார் சைக்கிளுக்கும், அக்கரையில் இருந்து களுவாஞ்சிகுடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வருகிற நோயாளிக்கும் படி சரிவராது, சாய்தளம் வேண்டும். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சாய்வில் 2.1 மீற்றர் ஏறுவதற்கு 25 மீற்றருக்கும் மேல் நீளம் போகும். கரையில் இருந்து உள்ளே அவ்வளவு தூரம் நிலம் இல்லை. கரையோடு ஒட்டி ஒருதரம் வளைத்து மடித்து, மடிப்பின் திருப்பத்தில் நிற்கிறதற்கு ஒரு மேடை வைத்தேன். அந்த மடிப்பைச் சரியாக்க எனக்கு மூன்று கிழமை. இன்றைக்கும் முழு வேலையில் எனக்குப் பிடித்தது அந்தத் திருப்பம்தான். ஒருவரும் அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை.

அந்த நேரத்தில்தான் பொருளாதார நெருக்கடியில் நாடு கவிழ்ந்தது. 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லை. ஒரு இரவு கரண்ட் வந்த வேகத்தில் லெப்டொப் ஒரு தடவை மின்னி அணைந்தது, அதோடு சரி. பழுதுபார்க்கிறவர் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தே விளங்கிவிட்டது. முப்பரிமாண மொடல், ஷீட் எல்லாம் போய்விட்டது. மிஞ்சியது நான் ஒரு சிநேகிதிக்கு வட்ஸ்அப்பில் ‘இது சரியாடி?’ என்று அனுப்பிய பதினொரு ஸ்கிரீன்ஷொட். பென்ரைவில் ஏன் எடுத்து வைக்கவில்லை என்று கேட்காதீர்கள், வீட்டில் எல்லோரும் கேட்டு முடித்துவிட்டார்கள்.

இரண்டு நாள் அழுதேன். மூன்றாம் நாள் சார்ஜர் லைட்டின் வெளிச்சத்தில் கையால் வரையத் தொடங்கினேன். வேறு வழி இல்லை. கையால் வரைகிறபோது ஒவ்வொரு படியையும் ஒரு கோடாக இழுக்கவேண்டும். கொம்பியூட்டரில் பதினான்கு படியும் ஒரு கிளிக். கையால் ஏழாவது படியைக் கீறுகிறபோதுதான், இதில் யார் இருப்பார், துவைக்கிறவ எங்கே கல்லைப் போடுவா, வலையைக் கழுவுகிற ஆள் எந்தப் பக்கம் நிற்பார் என்றெல்லாம் தோன்றியது. இரண்டு படிகளை அகலமாக்கினேன். சேருக்குப் போனில் படம் எடுத்து அனுப்பினேன். “இப்படியே கையால் முடியுங்கள்” என்று மறுமொழி வந்தது. கடதாசி விலையும் பிரின்ற் விலையும் ஏறின ஏற்றத்தில் அவர் சொல்லாவிட்டாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆறு ஏ1 ஷீட் என்று இருந்தது இரண்டானது.

மொடலுக்குப் பல்சா மரம் வாங்கக் காசு இல்லை. மவுண்ட் போர்ட்டைப் படியாக அடுக்கினேன். கூரைக்கு ஈர்க்கில். மேலே ஒரு சின்ன நிழற்கூரை மட்டும் மிச்சம் வைத்திருந்தேன், கச்சானுக்கு முதுகைக் காட்டி நிற்கிற மாதிரி. அம்மம்மா ஈர்க்கிலைச் சீவித் தந்து, “விளக்குமாத்துக்கா படிக்கிறாய்?” என்று கேட்டா.

ஆனி, ஆடியில் எண்ணெய் இல்லை, பஸ் இல்லை. ஜூரி இரண்டு தடவை தள்ளிப்போய் ஓகஸ்டில் வந்தது. மட்டக்களப்பில் இருந்து ரயிலில் மொடலை மடியில் வைத்துக்கொண்டு போனேன். நிற்க இடமில்லாத பெட்டி. கல்லோயாச் சந்தி தாண்டி எங்கேயோ கண் அயர்ந்த நேரம் மேல்தட்டில் இருந்து ஒரு பை விழுந்தது. படிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கூரை சப்பளிந்துவிட்டது. பையின் சொந்தக்காரர் ஆயிரம் தரம் மன்னிப்புக் கேட்டு, இறங்கும்வரை மொடலைத் தன் மடியில் வைத்திருந்தார். ஒட்டப் பார்த்தேன், ஈர்க்கில் முறிந்தால் ஒட்டாது.

கூரை இல்லாமலே வைத்தேன். அதற்குப் புள்ளி வெட்டினார்கள், நிழல் எப்படி விழும் என்று மொடலில் காட்ட முடியவில்லை. அது நியாயம்தான். அதன்பிறகு வெளியில் இருந்து வந்த ஜூரர் ஒருவர் கேட்டார்: “நாளைக்கு இங்கே பாலம் வந்தால் உங்கள் துறை எதற்கு?”

இதற்குத் தயாரித்து வைத்த பதில் ஒன்று இருந்தது, பண்பாட்டு வெளி பற்றி. வாயில் வந்தது வேறு. பாலம் வரவேணும் சேர், நோயாளியைப் பாதையில் ஏற்றிக்கொண்டு போகிற சனத்துக்கு அது வராமல் இருக்கக்கூடாது என்றேன். வந்தபிறகும் தண்ணி ஏறி இறங்கும், துவைக்கிறவ வருவா, வலை கழுவுவார்கள், மண்டூர் முருகன் திருவிழாவுக்குப் போகிற சனம் கால் நனைக்கும். படி படியாகவே இருக்கும். முதலில் வரைந்த மண்டபமாக இருந்திருந்தால் என்னிடம் மறுமொழி இருந்திருக்காது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, எதையோ குறித்துக்கொண்டார். பி பிளஸ் கிடைத்தது. ஏ எதிர்பார்த்தேன், பொய் சொல்லமாட்டேன்.

லீவில் வந்தபோது செக்ஷன் ஷீட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு குருமண்வெளிக்குப் போனேன். மாமா பாதையைக் கட்டிவிட்டு வந்து, கையை சாரத்தில் துடைத்துக்கொண்டு, இரண்டு முனையையும் பிடித்து நீண்ட நேரம் பார்த்தார்.

“எப்ப கட்டப் போறாங்க?”

“கட்டமாட்டாங்க மாமா. இது படிப்புக்கு வரைஞ்சது.”

“அப்பிடியா.” திரும்பவும் பார்த்தார். படிகளை விரலால் எண்ணினார். மரத்தடியில் விரல் நின்றது. “புள்ள, வெட்டு இந்தப் பக்கமில்ல. ஆத்துப் பக்கம்.”

திரும்பிப் பார்த்தேன். ஆற்றுப் பக்கம்தான்.